சின்னக் காரும் காப்புறுதிப் பத்திரமும்

முதன்முதலாக மோட்டார் கார் ஒன்றை வாங்கப் புறப்படும் இளைஞன் இரண்டு விலைகளை விசாரிக்க வேண்டியவனாகின்றான். ஒன்று காரின் விலை. மற்றையது காப்புறுதியின் விலை. பிரித்தானியாவில் இன்று 17 வயது நிரம்பிய ஒருவர் சாரதிப் பரீட்சையிற் சித்தியடைந்து, பலர் கைமாறிய பழைய சிறு கார் ஒன்றைத் தெரிந்தெடுப்பாராயின், அவர் முதலாண்டிற் செலுத்த வேண்டிய காப்புறுதிக் கட்டுப்பணம் அந்தக் காரின் விலையையே எட்டிவிடுவது புதுமையன்று. அதனைத் தாண்டிவிடுவதும் உண்டு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. காரின் விலையே மலைபோல நின்றது. காப்புறுதியோ, விரும்பினாற் செய்துகொள்ளலாம், விரும்பாவிடின் விட்டுவிடலாம் என்ற அளவில் இருந்தது. அந்த மலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்ந்த கதை சுவையானது, துயரமும் கலந்தது.

1903ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார்க் கார்ச் சட்டம், கார் ஓட்டுவதற்குரிய ஆகக் குறைந்த வயதை 17 என வரையறுத்தது. சாரதி அனுமதிப்பத்திரத்தின் விலை 5 ஷிலிங். அதனைப் பெறுவதற்குப் பரீட்சை எதுவும் இல்லை. ஐந்து ஷிலிங்கைக் கட்டிப் பத்திரத்தைப் பெற்றவன் அன்று மாலையே தெருவிற் காரை ஓட்டிச் செல்லலாம். இத்துணை எளிதாக அனுமதி கிடைத்தும் இளைஞர்கள் கார் ஓட்டாதிருந்ததற்குக் காரணம் ஒன்றே: கார் வாங்கப் பணமில்லை. பிரபுக்களும், பெருவணிகரும், வசதி படைத்த மருத்துவர்களும் கார் வைத்திருந்தனர். மற்றையோரில் வசதி சற்றுக் கூடியவர்கள் மோட்டார் சைக்கிளை வாங்கினர். மணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டால் அந்தச் சைக்கிளின் பக்கத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தி, மனைவியையும் குழந்தையையும் அதில் இருத்திக்கொண்டு, மழையிலும் குளிரிலும் சென்றனர்.

இந்தப் பக்கப்பெட்டிக் குடும்பத்தின்மீது கண் வைத்தவர் ஹெர்பட் ஓஸ்டின். பேர்மிங்காம் நகருக்கு அண்மையிலுள்ள லோங்பிரிஜில் பெரிய தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்த அவர், முதலாம் உலகப் போரின்பின் பெரிய கார்களைச் செய்து விற்க முயன்று தோல்வி கண்டார். 1921இல் அவருடைய கம்பனி கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கைக்குச் சென்றது. அதே ஆண்டில் அரசாங்கம் ஒரு புதிய வரியையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காரின் குதிரைவலு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு பவுண் வரி. அந்தக் குதிரைவலுவும் மெய்யான வலுவன்று. எஞ்சினின் உருளை எவ்வளவு அகலமோ அதனைக்கொண்டு ஒரு சூத்திரத்தாற் கணிக்கப்பட்ட ஏட்டு வலு. மன்செஸ்டரிற் பொருத்தி விற்கப்பட்ட அமெரிக்க போர்ட் ‘மொடல் டீ’ கார் விலையில் மலிவானது; ஆயினும் இந்தக் கணக்கின்படி அதற்கு 22 குதிரைவலுவுக்குமேல் வந்தமையால், வரி அதன் மலிவை விழுங்கிவிட்டது. சிறிய உருளைகளையுடைய சிறிய கார் ஒன்றை எவன் செய்கின்றானோ அவனுக்கு இந்த வரியே நண்பன் என்பதை ஓஸ்டின் உணர்ந்தார்.

அவருடைய கம்பனியின் இயக்குநர்கள் அந்த எண்ணத்தை விரும்பவில்லை. ஆகவே ஓஸ்டின் தம்முடைய வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார். தொழிற்சாலையில் வரைபடம் கீறும் ஸ்ரான்லி எட்ஜ் என்ற இளைஞரை அழைத்துவந்து, தம் வீட்டின் பில்லியர்ட்ஸ் அறையில் இருத்தினார். எட்ஜுக்கு அப்போது வயது 18. பிற்காலத்தில் எத்தனையோ இளைஞர்கள் முதன்முதலாக ஓட்டிய ஒரு காரின் எஞ்சினை, பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பெருமளவில் உருவாக்கினான் என்பது மோட்டார் வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. காரின் உற்பத்திக்கு ஓஸ்டின் தம் சொந்தப் பணத்தையும் இட்டார்; கைமாறாக, விற்கப்படும் ஒவ்வொரு காருக்கும் இரண்டு கினி தமக்குச் சேரவேண்டுமென உடன்படிக்கை செய்துகொண்டார்.

1922இல் உலகுக்குக் காட்டப்பட்ட அந்தக் கார்தான் ‘ஓஸ்டின் செவின்’. செவின் என்றால் ஏழு; ஏழு குதிரைவலுக் கணக்கு. கண்டவர்கள் முதலிற் சிரித்தனர். குழந்தையின் விளையாட்டு வண்டி போன்றிருந்தது அது. ஏறத்தாழ 360 கிலோகிராம் நிறை. எஞ்சினின் கொள்ளளவு தொடக்கத்தில் 696 கன சென்ரிமீற்றர். அடுத்த ஆண்டில் 747. ஆயினும் அதற்கு நான்கு உருளைகளும், நான்கு சக்கரங்களிலும் பிரேக்கும் இருந்தன. பெரிய காரில் உள்ளவையெல்லாம் சிறிய அளவில் இதிலும் உண்டு என்பதே அதன் சிறப்பு. அதன் விலை விரைவில் 165 பவுண் என நிலைத்தது. வாரமொன்றுக்கு 3 பவுண் அளவில் உழைத்த தொழிலாளிக்கு இது ஓராண்டுச் சம்பளம்; அவனுக்கு இன்னும் எட்டாக்கனிதான். ஆனால், வங்கி எழுதுவினைஞருக்கும், பள்ளி ஆசிரியருக்கும், சிறு கடைக்காரருக்கும், தவணைமுறையிற் பணங்கட்டி அதனை வாங்க வழி பிறந்தது. 1939 வரையில் ஏறத்தாழ 2,90,000 ஓஸ்டின் செவின்கள் செய்யப்பட்டன.

போட்டியும் வந்தது. வில்லியம் மொறிஸ் 1931இல் தம்முடைய மைனர் காரின் ஒரு வகையைச் சரியாக 100 பவுணுக்கு விற்றார். இரண்டு இருக்கை, கூரை துணி, மினுக்கமான அலங்காரம் எதுவும் இல்லை. பத்திரிகைகள் வியந்தன, மக்களோ இன்னுங் கொஞ்சம் பணத்தைச் சேர்த்து நல்ல மூடுகாரையே வாங்கினர். ஏழையென்று தெருவிற் பறைசாற்றிக்கொண்டு செல்ல எவர்தாம் விரும்புவர்? 1935இல் போர்ட் கம்பனி, கூரையும் கதவுகளும் கொண்ட முழுக் காரையே 100 பவுணுக்குக் கொடுத்தது. இவற்றைவிட முக்கியமானது பழைய கார்ச் சந்தை. பத்து ஆண்டு ஓடிய ஓஸ்டின் செவின் ஒன்று, புதிய மோட்டார் சைக்கிளினும் மலிவாகக் கிடைத்தது. இளைஞனின் முதலாவது கார் என்ற ஒன்று உண்மையிற் பிறந்தது அங்கேதான். 1948இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவராயிருந்த கொலின் சப்மன் என்பவர் பழைய ஓஸ்டின் செவின் ஒன்றைப் பிரித்துத் தம் கையாற் பந்தயக் கார் செய்தார். பின்னர் உலகப்புகழ் பெற்ற ‘லோட்டஸ்’ கார்களின் முதலாவது அதுவே.

இவ்வாறு மலை கரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மற்றோர் இடத்தில் வேறொரு கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. 1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் தேதி, இலண்டனின் கிறிஸ்ரல் பலஸ் வளாகத்தில், நடந்து சென்ற 44 வயதுப் பெண்ணொருவர் பெற்றோல் கார் மோதி இறந்தார். பிரித்தானியாவில் இவ்வாறு கார் மோதி இறந்த முதலாவது பாதசாரி அவர். இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராதிருக்கட்டும் என்று மரண விசாரணை அதிகாரி சொன்னதாக வரலாறு கூறும். 1930ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானியத் தெருக்களில் இறந்தவர்களின் தொகை 7,305. அப்போது நாட்டில் இருந்த மோட்டார் வாகனங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 25 லட்சத்துக்குக் குறைவு. இன்று அதனைப்போற் பல மடங்கு வாகனங்கள் ஓடுகின்ற பிரித்தானியாவில் ஓராண்டில் இறப்போர் இரண்டாயிரத்துக்கும் குறைவானோர் என்பதை ஒப்பிட்டு நோக்கினால் அந்த நாளின் கொடுமை புலப்படும்.

இறந்தவர்களின் குடும்பமும், காலிழந்தவனும், கண்ணிழந்தவனும் என்ன செய்தனர்? வழக்குத் தொடரலாம். சாரதியின் கவனக்குறைவே காரணமென்று நிரூபிக்கலாம். நீதிபதியும் ஆயிரம் பவுண் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளிக்கலாம். ஆனால், சாரதியிடம் தவணை கட்டி முடியாத ஒரு சின்னக் காரைத் தவிர வேறு சொத்து இல்லையானால்? தீர்ப்பு வெறுந்தாளாகிவிடும். பணக்காரன் மட்டும் கார் ஓட்டிய காலத்தில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழவில்லை. காரின் விலை குறையக் குறைய, ஓட்டுபவனின் பையும் சிறுத்தது; மோதுண்டவனின் நம்பிக்கையும் உடன் சிறுத்தது. மலிவான காரின் விலையில் ஒரு பகுதியை, அதில் என்றுமே ஏறாத மனிதர்கள் செலுத்திக்கொண்டிருந்தனர் என்றால் மிகையன்று.

சட்டத்திலும் இரண்டு பெரிய பொத்தல்கள் இருந்தன. சாரதியே விபத்தில் இறந்துவிட்டால், அவர்மேல் இருந்த வழக்குரிமையும் அவரோடு புதைக்கப்பட்டது. இது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி; 1934இல்தான் நீக்கப்பட்டது. மற்றையது இன்னும் விசித்திரமானது. கார்ச் சொந்தக்காரர் காப்புறுதி செய்திருந்தும், நட்டஈடு கொடுக்குமுன் வங்குரோத்து அடைந்துவிட்டால், காப்புறுதிக் கம்பனி கொடுக்கும் பணம் காயமடைந்தவருக்குப் போவதில்லை. கடன்காரர் எல்லாருக்கும் பொதுவான நிதியிற் போய்ச் சேரும். காலொடிந்தவரும், பெற்றோல் விற்றவரும், வாடகை பாக்கிக்காரரும் ஒரே வரிசையில் நின்று, பவுணுக்கு இத்தனை ஷிலிங் என்று பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஹரிங்ரன் மோட்டார்க் கம்பனி வழக்கில் ஆங்கில நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்புக் கூற நேர்ந்தது. அந்தத் தீர்ப்பின்பின் எழுந்த 1930ஆம் ஆண்டுச் சட்டமொன்று, காயமடைந்தவர் காப்புறுதிக் கம்பனியிடம் நேரே உரிமை கோர வழி செய்தது.

காப்புறுதி வியாபாரம் அந்நாளிற் புதியதன்று. நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காருக்குக் காப்புறுதி செய்யும் வழக்கம் தோன்றிவிட்டது. இலண்டன் லொயிட்ஸ் மண்டபத்திற் கப்பலுக்கே காப்புறுதி எழுதிப் பழகிய கைகள், முதன்முதலாகக் காருக்கு எழுத நேர்ந்தபோது, தரையில் ஓடும் கப்பலெனப் பாவித்தே எழுதினவாம். விபத்து இல்லாது ஆண்டைக் கழித்தவருக்குக் கட்டுப்பணத்திற் கழிவு கொடுக்கும் வழக்கமும் பழையது. கவனமுள்ளவர்களும் சொத்துள்ளவர்களும் தம் விருப்பப்படி காப்புறுதி செய்தனர். செய்யாதவர்கள் யாவர் என்றால், செய்ய வேண்டியிருந்தவர்களே.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலம் 1927இல் கட்டாயக் காப்புறுதியை நடைமுறைப்படுத்தியது. நியூசிலாந்து 1928இற் சட்டம் இயற்றியது. பிரித்தானியாவில் போக்குவரத்துப் பற்றிய அரச ஆணைக்குழு ஒன்று ஆராய்ந்தபின், 1930ஆம் ஆண்டின் தெருப் போக்குவரத்துச் சட்டம் பிறந்தது. போக்குவரத்து அமைச்சராயிருந்து அதனை நிறைவேற்றியவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த ஹெர்பட் மொறிசன். 1931ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி தொடக்கம், மூன்றாந்தரப்புக் காப்புறுதி இன்றி எவரும் தெருவில் மோட்டார் வாகனம் ஓட்டுதல் குற்றமாயிற்று. தம் காருக்கு நேரும் சேதத்துக்கோ தமக்கு நேரும் காயத்துக்கோ காப்புறுதி செய்யும்படி சட்டம் வற்புறுத்தவில்லை. தெருவிற் செல்லும் பிறருடைய உயிருக்கும் உடம்புக்கும் தாம் இழைக்கும் தீங்குக்கே பொறுப்புக் கட்ட வேண்டும். பெருஞ்செல்வர் ஒருவர் காப்புறுதியை விரும்பாவிடின், 15,000 பவுணை உயர் நீதிமன்றத்தில் வைப்பிலிட்டு விடுதலை பெறலாம் என்ற விதியும் இருந்தது. நூறு ஓஸ்டின் செவின் வாங்கப் போதுமான பணம் அது!

அதே சட்டம் மணிக்கு 20 மைல் என்றிருந்த வேக எல்லையையும் கார்களுக்கு நீக்கிவிட்டது. எல்லாரும் அதனை மீறியே ஓட்டினர். மீறப்படும் சட்டம் சட்டத்துக்கே இழிவு என்பது அன்றைய வாதம். நட்டஈட்டுக்கு வழி செய்த அதே கையே நட்டத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது எனலாம். 1934இல் 7,343 பேர் இறந்தனர், காயமடைந்தோர் 2,31,603. இறந்தோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பாதசாரிகள். அடுத்த ஆண்டில் அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா, குடியிருப்புகள் செறிந்த இடங்களில் 30 மைல் எல்லையை விதித்தார்; 1935 ஜூன் 1ஆம் தேதி தொடக்கம் சாரதிப் பரீட்சையைக் கட்டாயமாக்கினார். பரீட்சைக் கட்டணம் 7 ஷிலிங் 6 பென்ஸ். பழகுநரின் காரிற் சிவப்பு ‘எல்’ எழுத்துப் பலகை தொங்கியதும் அப்போதுதான். 1934 ஏப்ரிலுக்கு முன்னரே ஓட்டத் தொடங்கியவர்களுக்குப் பரீட்சை இல்லை. ஆகவே அதன்பின் பல பத்தாண்டுகளாக, பரீட்சை எழுதிய இளைஞரைப் பார்த்து ‘ஓட்டத் தெரியாதவர்கள்’ என்று முணுமுணுத்த முதியவர்களுட் பலர், தாம் ஒருபோதும் பரீட்சிக்கப்படாதவர்கள்.

இந்தச் சட்டங்களின் சாயல் பேரரசின் நாடுகள் பலவற்றிலும் படிந்தது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாந்தரப்புக் காப்புறுதி இன்றி வாகனம் ஓட்டுதலைத் தடுத்தது. ஓஸ்டினும் மொறிசும் இலங்கைத் தெருக்களிலும் உருண்டன. 1948இல் வெளிவந்த புதிய மொறிஸ் மைனர் கொழும்பில் வாடகைக் காராக ஓடியதை மூத்த நேயர்கள் நினைவுகூர்வர்.

பிரித்தானியச் சட்டத்தில் ஓட்டை முற்றாக அடைபடவில்லை. காப்புறுதியே செய்யாத ஒருவன் மோதினால் என்செய்வது? இதற்கு விடை காண மேலும் 15 ஆண்டுகள் சென்றன. 1946இல் காப்புறுதிக் கம்பனிகள் அரசாங்கத்தோடு உடன்பட்டு மோட்டார்க் காப்புறுதியாளர் பணியகம் என்ற பொது அமைப்பை நிறுவின. காப்புறுதியற்றவன் இழைத்த காயத்துக்கு அது பணங் கொடுக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வருகின்றது? ஒழுங்காகக் கட்டுப்பணம் செலுத்தும் மற்றையோரிடமிருந்தே வருகின்றது.

இப்போது இளைஞனின் கையில் இரண்டாவது கணக்கு ஏறத் தொடங்கிற்று. பெரிய கம்பனிகள் தமக்குள் ஒரு பொதுக் கட்டண அட்டவணையை வைத்திருந்தன. அனுபவம் குறைந்தவர்களையும் வேகக் கார் விரும்பிகளையும் அவை தயக்கத்துடனேயே ஏற்றன. ஏற்றாற் கூடுதலாக வசூலித்தன. சட்டமோ காப்புறுதி கட்டாயம் என்கின்றது. கட்டாயமாக வாங்கவேண்டிய ஒரு பொருளை மலிவாக விற்பேன் என்று ஒருவன் சந்தைக்கு வந்தாற் கூட்டம் சேராதிருக்குமா?

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் இலங்கைத் தமிழர். 1923இல் இலங்கையிற் பிறந்து, சவுந்தரநாயகம் என்ற குடும்பப்பெயரைச் சுருக்கிக்கொண்டு, ‘டாக்டர்’ எமில் சவுந்தரா என இலண்டனில் உலாவியவர். 1950களில் பெல்ஜியத்தில் அரிசிக் கப்பல் மோசடியொன்றிற் குற்றவாளியாகக் காணப்பட்டவர் என்பது இலண்டனில் அவரிடம் காப்புறுதி செய்தோருக்குத் தெரியாது. 1963இல் அவர் ‘ஃபயர், ஓட்டோ அன்ட் மரீன்’ என்ற காப்புறுதிக் கம்பனியைத் தொடங்கினார். அந்நாட் சட்டப்படி காப்புறுதிக் கம்பனி தொடங்க 50,000 பவுண் மூலதனம் போதும்.

காலமும் அவருக்குத் தோதாக அமைந்திருந்தது. 1953இல் வெளிவந்த ‘போர்ட் பொப்பியுலர்’ வரியுட்பட 390 பவுணுக்குக் கிடைத்தது. 1959 ஓகஸ்டில், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த, பத்து அடி நீளமேயுள்ள ‘மினி’ பிறந்தது. விலை 497 பவுணுக்குச் சற்றே குறைவு. பழைய பெயரின் செல்வாக்கு எத்தகையதென்றால், அதன் ஒரு வகையை ஓஸ்டின் செவின் என்றே முதலில் விற்றனர். இன்னொரு புறம், 1960இல் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குத் தகுதிப் பரீட்சை கட்டாயமாயிற்று. பிரேக் பிடிக்காத பழைய கார்கள் பல தெருவை விட்டு நீங்கின. சம்பளம் உயர்ந்திருந்தது, இளைஞரும் தொழிலாளரும் இலட்சக்கணக்கிற் கார் வாங்கினர். ஒவ்வொருவருக்கும் ஒரு காப்புறுதிப் பத்திரம் வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் மலிவானதைத் தேடினர்.

சவுந்தரா மற்றையோரிலும் குறைந்த கட்டணம் அறிவித்தார். தரகர்களுக்கு நிறைந்த தரகு கொடுத்தார். பணம் வெள்ளமாக வந்தது. காப்புறுதி வியாபாரத்தின் இயல்பே அதுதான்: பணம் இன்று வரும், செலவு நாளை வரும். இடைப்பட்ட காலத்தில் வேகப் படகுப் பந்தயம், ஆடம்பர மாளிகை என்று அவருடைய வாழ்வு ஒளிவீசியது. நட்டஈட்டுக் கோரிக்கைகளோ தாமதத்தின்மேற் தாமதமாகத் தேங்கின. கம்பனியின் கையிருப்பென்று காட்டப்பட்ட பிணைப் பத்திரங்கள் போலியானவை. 1966 கோடையில் அந்தக் கம்பனி கவிழ்ந்தது. ஏறத்தாழ 4 லட்சம் மோட்டார்காரர் ஒரே நாளிற் காப்புறுதி அற்றவர்களாயினர். மறுநாட் காலை அவர்கள் வேலைக்குச் செல்லக் காரை வெளியே எடுத்தாற் சட்டத்தை மீறியவர்கள். கட்டிய பணமும் போய்விட்டது. இன்னொரு கம்பனிக்குப் புதிதாகக் கட்டவும் வேண்டும். நிலுவையிலிருந்த தம் கார்த் திருத்தச் செலவுகளைக் கேட்கவும் ஆளில்லை. குறைந்த கட்டணத்தை நாடி வந்தவர்கள் இரட்டைக் கட்டணம் செலுத்தினர்.

1967 பெப்ரவரியில் டேவிட் ஃபுரொஸ்ற்றின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சவுந்தரா தோன்றினார். நட்டமடைந்தோர் சிலரும், விபத்திற் கணவரை இழந்த பெண்களும் அரங்கில் அமர்ந்திருந்தனர். அவர்களை அவர் நடத்திய அலட்சியம் நாட்டையே கொதிப்படையச் செய்தது. சில நாட்களிற் கைதானார். 1968இல் எட்டு ஆண்டுச் சிறையும் 50,000 பவுண் அபராதமும் விதிக்கப்பட்டன. 1976இல் இறந்தார். இந்த வீழ்ச்சியின் எதிரொலியாக 1967ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் காப்புறுதிக் கம்பனிகளுக்குரிய மூலதனத் தேவையை உயர்த்தியது, கட்டுப்பாட்டையும் இறுக்கியது. அதுவும் போதவில்லை. 1971இல் ‘வெஹிக்கிள் அன்ட் ஜெனரல்’ என்ற இன்னும் பெரிய கம்பனி, குறைந்த கட்டணத்தையே ஆயுதமாகக் கொண்டு வளர்ந்தது, சரிந்தது. காப்புறுதி செய்தோரைப் பாதுகாக்கும் சட்டம் 1975இல் வந்தது. மலிவுக்கு ஒரு கீழெல்லை உண்டு என்பதை, மிகுந்த செலவில், சந்தை கற்றுக்கொண்டது.

இதனிடையே கட்டாயத்தின் பரப்பும் விரிந்தது. 1972 டிசம்பர் தொடக்கம் காரினுள் இருக்கும் பயணிகளுக்கும் காப்புறுதி கட்டாயமாயிற்று. இது இளைஞரை நேரே தொட்ட மாற்றம். ஏனெனில் இளம் சாரதியின் கார் மரத்தில் மோதும்போது, பெரும்பாலும் உள்ளே இருப்போர் அவருடைய தோழர்களே. 1988 முடிவில், ஐரோப்பிய சமூகத்தின் பணிப்புக்கு இணங்க, பிறருடைய சொத்துச் சேதத்துக்கும் அது விரிந்தது.

இங்கே பிரித்தானியச் சட்டத்தின் ஓர் இயல்பைக் குறிப்பிடல் வேண்டும். உடற்காயத்துக்கான பொறுப்புக்கு அங்கு மேலெல்லை இல்லை. கழுத்தெலும்பு முறிந்து ஆயுள் முழுவதும் பிறர் பணிவிடையில் வாழவேண்டிய இருபது வயதினருக்கு, அறுபது ஆண்டுப் பராமரிப்புச் செலவும் கணக்கிடப்படும். கோடிக்கணக்கான பணத்துக்கு இத்தகைய தீர்ப்பு அமையலாம். 2001 பெப்ரவரியில் யோக்ஷயரிலுள்ள கிரேட் ஹெக் என்னுமிடத்தில், தெருவை விட்டு விலகிய வாகனமொன்று புகையிரதப் பாதையில் வீழ்ந்தது. அதன்மேல் மோதிய புகையிரதம் மற்றொன்றுடன் மோத, பத்துப் பேர் மாண்டனர். அந்த ஒரு வாகனத்தின் காப்புறுதிக் கம்பனி 2 கோடி பவுணுக்கு மேற் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. வாகனத்தின் பெறுமதிக்கும் இந்தத் தொகைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. முதற் கார் வாங்குவோர் பலர் தடுமாறும் இடம் இதுவே. ‘ஆயிரம் பவுண் பெறுமதியான காருக்கு இரண்டாயிரம் பவுண் காப்புறுதியா?’ என்று அவர்கள் கேட்பர். கட்டுப்பணத்தின் பெரும்பகுதி அந்தக் காருக்கு அன்று. அந்தக் கார் மோதக்கூடிய மனிதருக்கு.

இளைஞருக்கு அது ஏன் மிகுகின்றது என்பதற்குக் கம்பனிகள் காட்டும் கணக்கு கசப்பானதே. பிரித்தானியச் சாரதிகளுள் 17 முதல் 24 வயது வரையினர் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு. உயிர்ச்சேதமும் படுகாயமும் விளைக்கும் விபத்துகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அவர்கள் சம்பந்தப்படுகின்றனர். ஆயினும் வயதினாலும் பிறப்பினாலும் ஒருவரைத் தரம் பிரிப்பது நீதியா என்ற கேள்வி எழாமலில்லை. இளம்பெண்கள் விபத்துகளிற் குறைவாகவே சிக்குகின்றனர் என்பதால், அவர்களுக்கு நீண்ட காலமாகக் கட்டணம் குறைவாக இருந்தது. 2011 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆண், பெண் என்று வேறுபடுத்திக் கட்டணம் விதித்தலைத் தடுத்தது. 2012 டிசம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வயதை மட்டும் எந்த நீதிமன்றமும் தொடவில்லை.

இந்த நெருக்கடியில் இளைஞரும் பெற்றோரும் கண்ட வழிகள் பலவிதம். சிறிய எஞ்சின் உள்ள காரைத் தெரிதல் பழைய வழி. 1922இல் வரிக்காகச் செய்ததை இன்று காப்புறுதிக்காகச் செய்கின்றனர். கார் வகைகளை ஐம்பது தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். ஆகக் கீழ்த் தொகுதிகளிலுள்ள கார்களுக்கே இளைஞர் சந்தையிற் கிராக்கி. ஆகக் குறைந்த மூன்றாந்தரப்புக் காப்புறுதியைத் தேடுதல் இன்னொரு வழி. விந்தை யாதெனில், இளைஞருக்கு அது முழுமையான காப்புறுதியிலும் விலை கூடியதாகவே பல வேளைகளிற் காணப்படுகின்றது. அதனை நாடுவோர் விபத்து மிகுந்தவர்கள் என்று கம்பனிகள் தம் ஏடுகளிலிருந்து அறிந்துவைத்திருப்பதே காரணம். இரண்டையும் விசாரித்துப் பாராமல் மலிவென்று எண்ணி ஒன்றைக் கேட்போர் ஏமாறுகின்றனர். தந்தையின் பெயரில் கார், மகன் எப்போதாவது ஓட்டுபவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உண்மையில் மகனே நாள்தோறும் ஓட்டும் தந்திரமும் பரவலானது. விபத்து நேர்ந்தபின் கம்பனி விசாரித்தறிந்தாற் பத்திரம் செல்லாததாகும். அது சட்டப்படி மோசடியும் ஆகும்.

2000ஆம் ஆண்டுகளில் புதிதாக ஒன்று வந்தது. காரினுள் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, அல்லது கைத்தொலைபேசியையே கருவியாக்கி, எவ்வளவு வேகத்தில் ஓடினான், எத்துணை வன்மையாகப் பிரேக்கை மிதித்தான், வளைவில் எவ்வாறு திரும்பினான் என்பவற்றைக் கம்பனிக்கு அனுப்புதல். ‘கறுப்புப் பெட்டி’ என்று மக்கள் அதனை அழைக்கின்றனர். ஒழுங்காக ஓட்டியவருக்குக் கட்டுப்பணம் குறையும். தாறுமாறாக ஓட்டியவருக்கு எச்சரிக்கை வரும், சில வேளைகளிற் பத்திரமே இரத்தாகும். நள்ளிரவில் ஓட்டுவதும் சில கம்பனிகளின் கணக்கிற் குறையாகவே பதியும்; ஏனெனில் இளைஞரின் கோர விபத்துகளில் ஒரு பெரும் பங்கு இரவிலேயே நிகழ்கின்றது. இரவு வேலை முடிந்து மருத்துவமனையிலிருந்தோ உணவுச்சாலையிலிருந்தோ வீடு திரும்பும் பத்தொன்பது வயதினரும் அந்தக் கணக்கில் அடங்குகின்றனர். அவர் எதற்காக அந்த நேரத்தில் ஓட்டினார் என்பதை அந்தப் பெட்டி பதிவதில்லை.